இருபத்தொன்றரை ஜோடி

விண்ணப்பம் ஒன்றரைப் பக்கம்.
ஓடெட் கோமோ டீச்சரின் கையெழுத்து
வலப்பக்கம் சாய்ந்து, பேருந்தைப் பிடிக்க ஓடுவதுபோல.
ரப்பர் பூட்ஸ் இருபத்திரண்டு ஜோடி.
சல்லடை ஆறு. பூதக்கண்ணாடி பதினொன்று, இருவருக்கு ஒன்று.
பேருந்து ஒரு நாளைக்கு, ஓட்டுநர் சாப்பாடு சேர்த்து.
ஆக மொத்தம் ஆயிரத்து எழுநூற்று நாற்பது டாலர்.
'எதிர்பார்க்கும் விளைவு' என்ற கட்டத்தில்
'சேறு' என்று மட்டும் எழுதியிருந்தார்.

நான் இந்தச் சிற்றூர் நிர்வாகத்தின் பொருளாளர்.
பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்ட
இதைப்போல நாற்பது மடங்குக்குக் கையெழுத்திடுகிறேன்.
உப்பின் விளைவு என்னவென்று
யாரும் கட்டம் போட்டுக் கேட்டதில்லை.
ஏப்ரலில் அது கரைந்து
ஃபண்டி விரிகுடாவுக்குப் போய்ச் சேரும்.
அங்கே ஏற்கெனவே போதுமான உப்பு இருக்கிறது.

கூட்டத்தில் எல்டன் ஃபில்மோர் எழுந்தார்.
"என் வீட்டுப் பையன்கள் மூன்று பேரும்
சேற்றை இலவசமாகவே கொண்டுவருகிறார்கள்."
சிரிப்பு. நடவடிக்கைக் குறிப்பில்
சிரிப்பைப் பதிவதில்லை.
நான்குக்கு மூன்று. நிறைவேறியது.

செப்டம்பர் ஒன்பது.
'செலவு நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று எழுத வசதியாக
நானும் பேருந்தில் ஏறினேன்.
கரைமேட்டைத் தாண்டியதும்
கடல் இல்லை.
வாடகைக்காரர் காலிசெய்துவிட்டுப் போன வீடுபோல
செம்பழுப்பு ஈரத் தரை, கண்ணெட்டும் வரை.
பிள்ளைகள் முதலில் கத்தினார்கள்.
பிறகு பூட்ஸுகள் பேச ஆரம்பித்தன,
சளக், புளக்.
அப்புறம் வேறு யாரும் பேசவில்லை.

சல்லடையில் மிஞ்சியவை சேற்றிறால்கள்,
நொய்யரிசி அளவு.
தெரேஸ் நாக்வுட் ஓரடிச் சதுரத்துக்குள்
முந்நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினாள்.
பிறகு கேட்டாள்:
"ஒவ்வொன்றையும் அதனதன் வளையிலேயே விடணுமா?"
டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி,
மண்டியிட்டுப் பார்த்தார்.
எனக்கு அதுவரை
வளைகள் இருப்பதே தெரியாது.

அப்போதுதான் எமரிக் சிக்கினான்.
சேறு, வரி வசூலிப்பவரைவிடப் பொறுமையானது;
என்னைவிட, என்றே சொல்கிறேன்.
கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை.
நனைந்த காலுறையைத் தூக்கிப் பிடித்தபடி
ஒற்றைக்காலில் நின்றான், அழாமல்.
நீர் விளிம்பில், இன்னும் தெற்கே புறப்படாத
உள்ளான்கள் சில.
அவையும் ஒற்றைக்காலில்.
இரண்டு தரப்பும் சற்றுநேரம்
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.
பிறகு தண்ணீர் திரும்பியது,
இந்த ஊரில் அது ஆற அமர வருவதில்லை.
ஓட்டுநர் ஹாரனை விடாமல் அழுத்தினார்.

மார்ச்சில் தணிக்கையாளரின் கடிதம்.
'வாங்கியது இருபத்திரண்டு ஜோடி.
கையிருப்பு இருபத்தொன்றரை. விளக்கம் தேவை.'

விளக்கம் வியாழக்கிழமைதோறும் என் அலுவலகத்துக்கு வருகிறது,
பள்ளி விட்டதும்,
ஓத அட்டவணையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு.
ஜன்னலோரம் நிற்கும் ஒற்றைப் பூட்ஸை
ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு,
பெரிய ஓதம் என்றைக்கு, காற்று எந்தப் பக்கம்,
அது இப்போது எந்த முனையில் ஒதுங்கியிருக்கும் என்று
சுவர் வரைபடத்தில் குண்டூசி குத்துகிறான்.
இதுவரை முப்பத்தொரு குண்டூசிகள்.
எந்தச் செலவுத் தலைப்பிலும் அடங்காமல்.

'தொலைந்தவை' என்ற பத்தியில்தான் பேனாவை வைத்தேன்.
மை ஊறிப் பொட்டானது, எழுத வரவில்லை.
ஒரு பக்கம் தள்ளி, 'வரவேண்டியவை'யில் எழுதினேன்.
கடனாளி: ஃபண்டி விரிகுடா.
பொருள்: ரப்பர் பூட்ஸ், ஒன்று,
அளவு நான்கு, இடது கால்.

தோளுக்குப் பின்னால் நின்று வாசித்த எமரிக்
"வலது" என்றான்.